பி.எச். மானி எதை அளக்கிறது?

பி.எச். மானியைப் பற்றி மாணவர்களுக்கென எழுதப்படும் விளக்கங்களைப் படித்து வருபவர்கள், ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே கருத்து திரும்பத் திரும்ப வருவதைக் கண்டிருப்பார்கள். கருவியின் மின்வாயைக் கரைசலில் அமிழ்த்தினால், அது கரைசலிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை நேரடியாக அளந்து எண்ணாகக் காட்டிவிடும் என்பதே அக்கருத்து. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. தேர்வில் எழுதவும் வசதியாக இருக்கிறது. ஆனால் இதில் 'செறிவு' என்ற சொல்லும் சரியன்று, 'நேரடியாக' என்ற சொல்லும் சரியன்று. சொற்பிழைதானே என்று விட்டுவிடலாம் எனின், இப்பிழை ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதில்லை. குடிநீர்ச் சோதனையிலும், மண் பரிசோதனையிலும், மீன் வளர்க்கும் குளக்கரையிலும் இதே எண்ணை நம்பித்தான் முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

பி.எச். என்ற அளவையை 1909-ஆம் ஆண்டில் வகுத்தவர் டென்மார்க் நாட்டு வேதியியலார் சோரன்சன். கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பர்க் என்ற பீர் ஆலையைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றினார். நொதிகளின் வேலை, கரைசலின் அமில நிலையைப் பொறுத்துப் பெரிதும் மாறுவதை ஆராய்ந்தபோது, 0.0000001 என்பது போன்ற எண்களை எழுதிக்கொண்டிருப்பது அவருக்குத் தொல்லையாக இருந்தது. அந்த எண்ணின் மடக்கையை எடுத்து, அதன் எதிர்க்குறியை நீக்கி, 7 என்று எழுதினால் போதும் என்றார். இவ்வளவையில் ஓர் அலகு குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு கூடுகின்றன என்பதை நம் மாணவர்கள் நன்கு அறிவர். இதுவரை விளக்கங்களில் குறையில்லை.

குறை, மானியைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது வருகிறது. 'மின்னணுக் கருவி அமிலத்தை உணர்கிறது' என்ற வகையில் எழுதுகிறார்கள். மின்னணுப் பகுதி எந்த அமிலத்தையும் உணர்வதில்லை. உணர்வது, மின்வாயின் நுனியிலுள்ள மெல்லிய கண்ணாடிக் குமிழ். இருபுறமும் வெவ்வேறு அமில நிலையுள்ள கரைசல்கள் இருந்தால் கண்ணாடிச் சவ்வின் குறுக்கே மின்னழுத்தம் தோன்றுவதை 1906-இல் மாக்ஸ் கிரேமர் கண்டறிந்தார். 1909-இல் பிரிட்ஸ் ஹேபரும் கிளெமென்சீவிச்சும் அதை விரிவாக ஆராய்ந்தனர். அதாவது, பி.எச். என்ற அளவை பிறந்த அதே ஆண்டில் அதற்கேற்ற கண்ணாடி மின்வாயும் ஆராயப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும் கைக்கு அடக்கமான மானி வெளிவர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஏன் இத்தனை தாமதம் என்று விளக்கங்கள் கேட்பதில்லை. கேட்டிருந்தால் கருவியின் உயிர்நிலை எதுவென்று வாசகருக்குத் தானே விளங்கியிருக்கும்.

கண்ணாடி மின்சாரத்தை எளிதில் கடத்தாத பொருள். மின்வாய்க் குமிழின் மின்தடை பல கோடி ஓம் அளவில் இருக்கும். பத்துக் கோடி ஓம், அதாவது 100 மெகா ஓம் என்பது இயல்பான அளவு. மின்னழுத்தம் உண்டாகிறது, ஆனால் அதிலிருந்து மின்னோட்டத்தை எடுக்க முயன்றால் அந்த அழுத்தமே வீழ்ந்துவிடுகிறது. ரேடியோ பழுது பார்க்கிறவர் கையிலுள்ள டிஜிட்டல் மல்ட்டி மீட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் உள் மின்தடை பொதுவாக 10 மெகா ஓம். 100 மெகா ஓம் மின்தடையுள்ள குமிழோடு அதை இணைத்தால், உண்மையான அழுத்தத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான் மீட்டருக்கு வந்து சேரும். பி.எச். 7-க்கும் 4-க்கும் இடையே 25° செல்சியசில் 177 மில்லிவோல்ட் வேறுபாடு காட்ட வேண்டிய இடத்தில் 16 மில்லிவோல்ட்தான் தெரியும். அதை நம்பிக் கணக்கிட்டால், எலுமிச்சைச் சாறும் குடிநீரும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று முடிவு செய்ய நேரிடும்! தராசில் வைத்த கடலையில் பெரும்பகுதியை வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தின் எடையைச் சொல்வதற்கு ஒப்பானது இது.

எலுமிச்சையை உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. மானியின் வரலாற்றிலேயே அதற்கு இடம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பழ விளைவிப்போர் கூட்டமைப்பு ஒன்றில் கிளென் ஜோசப் என்ற வேதியியலார் பணியாற்றினார். எலுமிச்சைச் சாற்றின் அமில நிலையை அளப்பது அவர் வேலை. சாறு கெடாமலிருக்கச் சேர்த்த கந்தக டைஆக்சைடு லிட்மசை வெளுக்கச் செய்தது. ஹைட்ரஜன் மின்வாயையும் கெடுத்தது. எஞ்சியது கண்ணாடி மின்வாய் ஒன்றுதான். ஆனால் அக்காலத்துக் கால்வனாமீட்டர் அசைய வேண்டுமானால் சிறிதாவது மின்னோட்டம் வேண்டும். அதற்காகக் குமிழைப் பெரிதாகவும் மிக மெல்லியதாகவும் ஊத வேண்டியிருந்தது. அதுவோ தொட்டால் உடைந்தது. 1934-இல் அவர் தம் பழைய கல்லூரித் தோழரான ஆர்னால்ட் பெக்மனிடம் முறையிட்டார். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராக இருந்த பெக்மன், கால்வனாமீட்டரை விட்டுவிட்டு, வெற்றிடக் குழல்களைக் கொண்டு ஒரு பெருக்கியைச் செய்து கொடுத்தார். சில மாதங்களில் ஜோசப் மீண்டும் வந்து இன்னொன்று கேட்டாராம். முதலாவதை உடன் பணிபுரிவோர் இரவல் வாங்கிக்கொண்டே இருந்ததால் அவருக்கு வேண்டியபோது கிடைக்கவில்லை! பெக்மன் அதை விற்பனைக்கே செய்யலாம் எனத் துணிந்தார். 1935-இல் 195 டாலர் விலையில் சந்தைக்கு வந்த அப்பெட்டியின் பெயர் 'அமிலமானி'. 1936-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

இக்கதையைச் சொல்லும் கட்டுரைகள் பெக்மனின் அறிவுக்கூர்மையைப் புகழ்ந்து முடித்துக்கொள்கின்றன. அவர் செய்த பெருக்கியின் முதல் சிறப்பு, அழுத்தத்தைப் பெருக்கியது அன்று. கண்ணாடியிலிருந்து ஏறக்குறைய எதையும் எடுத்துக்கொள்ளாமல் அழுத்தத்தைக் கண்டுகொண்டதே அதன் சிறப்பு. அதனால் குமிழைத் தடிப்பாகவும் உறுதியாகவும் செய்ய முடிந்தது. கருவி பழத் தோட்டத்துக்கும் ஆலைக்கும் போக முடிந்தது. இன்றைய மானிகளில் வெற்றிடக் குழல் இல்லை; அதன் இடத்தில் புல விளைவு டிரான்சிஸ்டர்கள் அமைந்த சில்லு இருக்கிறது. அதன் உள் மின்தடை ஒரு லட்சம் கோடி ஓம் வரை செல்லும். வேலை என்னவோ அதேதான்.

இனி 'நேரடியாக' என்ற சொல்லுக்கு வருவோம். குமிழின் உள்ளே பி.எச். 7 உள்ள கரைசலும், அதில் ஒரு வெள்ளி-வெள்ளிக் குளோரைடுக் கம்பியும் இருக்கின்றன. குமிழின் இரு பரப்புகளும் நீரை உறிஞ்சி மெல்லிய களிபோன்ற படலத்தைப் பெற்றிருக்கின்றன. வெளிக் கரைசலின் ஹைட்ரஜன் அயனிகள் இப்படலத்திலுள்ள சோடியம் அல்லது லித்தியம் அயனிகளோடு இடம் மாறிக்கொள்கின்றன. ஹைட்ரஜன் அயனிகள் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன எனச் சில நூல்கள் படம் போட்டே காட்டுகின்றன. அப்படி எதுவும் நிகழ்வதில்லை. வெளிப்பரப்பில் சேரும் மின்னூட்டத்துக்கும் உட்பரப்பில் சேர்ந்திருக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள வேறுபாடே மின்னழுத்தமாகிறது. அதை அளக்க வெளியே இன்னொரு மின்வாய் வேண்டும். அதுவே ஒப்பீட்டு மின்வாய். பொட்டாசியம் குளோரைடுக் கரைசலை நுண்துளை அடைப்பு வழியே மெல்லக் கசியவிட்டு அது சுற்றை நிறைவு செய்கிறது. இக்காலத்தில் இரண்டையும் ஒரே தண்டில் அமைத்துவிடுவதால், மாணவர்கள் இரண்டாவது ஒன்று இருப்பதையே அறியாமல் போகிறார்கள்.

ஆக, மானிக்குக் கிடைப்பது சில மில்லிவோல்ட்களே. பி.எச். ஓர் அலகு மாறினால் அழுத்தம் 25° செல்சியசில் 59.16 மில்லிவோல்ட் மாற வேண்டும் என்பது நெர்ன்ஸ்ட் சமன்பாடு தரும் கணக்கு. ஆனால் பூச்சியம் எங்கே தொடங்குகிறது என்பது ஒவ்வொரு குமிழுக்கும் சற்று வேறுபடும். குமிழ் முதிர முதிரச் சரிவும் குறையும். ஆகவே பி.எச். தெரிந்த தாங்கல் கரைசல்களில் முதலில் மின்வாயை வைத்து, 'இந்த அழுத்தத்துக்கு 4.01, இந்த அழுத்தத்துக்கு 9.18' என்று கருவிக்குக் கற்பிக்க வேண்டும். அதன்பின் நம் கரைசலை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் கருவி எண்ணைச் சொல்கிறது. இது நேரடி அளவன்று, ஒப்பீடு. தாங்கல் கரைசல் பழையதாகி மாறியிருந்தால், மானியும் அந்தப் பிழையை இரண்டு தசம இலக்கத் துல்லியத்தோடு எடுத்துச் சொல்லும்.

இதனால் விளையக்கூடிய கேடு ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். நேரம் மிச்சமாகும் என்று பலர் பி.எச். 7 தாங்கல் கரைசல் ஒன்றில் மட்டும் சரிபார்த்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். குமிழில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கிறது என வைத்துக்கொள்வோம். உட்கரைசலும் வெளிக்கரைசலும் விரிசல் வழியே தொடர்புகொள்கின்றன; சவ்வின் குறுக்கே அழுத்தம் இல்லை. உள்ளும் வெளியும் ஒரே வகை வெள்ளி-வெள்ளிக் குளோரைடு மின்வாய்கள் ஆதலால் மொத்த அழுத்தமும் ஏறக்குறைய பூச்சியம். பூச்சியம் மில்லிவோல்ட்டுக்கு மானி காட்டும் எண் என்ன? 7! அதாவது, செத்துப்போன மின்வாய் பி.எச். 7 தாங்கல் கரைசலில் 7 என்றே காட்டும். சோதனையில் தேறிவிடும். அதன்பின் கிணற்று நீரிலும் 7, ஆலைக் கழிவு நீரிலும் 7. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விதித்திருக்கும் எல்லை 6.5 முதல் 8.5 வரை. எனவே எல்லா நீரும் 'நன்று' என்று அறிக்கை போய்ச் சேரும். இரண்டாவதாக ஒரு தாங்கல் கரைசலில் அரை நிமிடம் வைத்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். 'நேரடியாக அளக்கிறது' என்று படித்த மாணவருக்கு இந்த இரண்டாவது கரைசல் வீண் சடங்காகத்தான் தோன்றும். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

மின்வாயைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைக்கும் பழக்கத்தையும் சில செய்முறை ஏடுகள் இன்னும் போதிக்கின்றன. ஒப்பீட்டுப் பகுதியின் பொட்டாசியம் குளோரைடு அதனால் மெல்ல மெல்ல வெளியே கசிந்து நீர்த்துப்போகும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடுக் கரைசலில் வைப்பதே முறை. காயவிடுவதோ இரண்டையும்விடக் கேடு.

வெப்பநிலை பற்றி விளம்பரங்கள் சொல்வதையும் அப்படியே ஏற்க இயலாது. 'தானியங்கி வெப்பநிலைத் திருத்தம் உண்டு' என்கிறார்கள். உண்மைதான். ஆனால் திருத்தப்படுவது எது? ஓர் அலகுக்கு 25 பாகையில் 59.16 மில்லிவோல்ட் என்பது 35 பாகையில் 61.14 ஆகிறது, இந்தச் சரிவைத்தான் கருவி திருத்துகிறது. கரைசலின் பி.எச். தானே வெப்பத்தால் மாறுவதை அது திருத்துவதில்லை. திருத்தவும் முடியாது, ஏனெனில் ஒவ்வொரு கரைசலும் ஒவ்வொரு விதமாக மாறுகிறது. தூய நீர் 25 பாகையில் 7.00, 60 பாகையில் 6.51. அப்போதும் அது நடுநிலை நீரே, அமிலமாகிவிடவில்லை. 7-க்குக் கீழே எல்லாம் அமிலம் என்று மனப்பாடம் செய்தவர் இங்கே திகைத்துப் போவார். நாம் ஒப்பிடப் பயன்படுத்தும் வெண்காரத் தாங்கல் கரைசலும் 25 பாகையில் 9.18 என்றால் 35 பாகையில் 9.10. சித்திரை மாதத்து ஆய்வுக்கூடத்தில் புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே பொருத்தினால் தொடக்கத்திலேயே 0.08 பிழை. கருவியோ 0.01 வரை காட்டிக்கொண்டிருக்கும். சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் பேனா வடிவ மானிகளை வாங்குவோர் இதை நினைவில் வைப்பது நல்லது. எண்ணில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்பது வேறு, அதில் எத்தனை இலக்கத்தை நம்பலாம் என்பது வேறு.

'செறிவு' என்ற சொல் ஏன் பொருந்தாது? 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். அது முழுவதும் அயனியாகிறது. எனவே பாடநூற் கணக்குப்படி பி.எச். 1.00. நன்கு சரிபார்த்த மானி காட்டுவதோ ஏறத்தாழ 1.1. மாணவர் கருவி பிழை என்று எண்ணி, ஏட்டில் 1.0 என்று எழுதிவிடுகிறார். பிழை கருவியில் இல்லை. நெருக்கமான கரைசலில் அயனிகள் ஒன்றையொன்று கவர்ந்து நிற்பதால், அவற்றின் எண்ணிக்கை முழுவதும் செயலில் வெளிப்படுவதில்லை. சந்தைக் கூட்டத்தில் நூறு பேர் இருந்தாலும் கைவீசி நடக்க எண்பது பேருக்குத்தான் இடம் என்பது போல. இந்தச் 'செயல்திறனை'த்தான் கண்ணாடி உணர்கிறது. சோரன்சனே 1924-இல் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்குடன் சேர்ந்து இத்திருத்தத்தை முன்வைத்தார். நூறு ஆண்டுகள் கடந்தும் நாம் 1909-லேயே நிற்கிறோம். பள்ளி வகுப்பில் செறிவு என்று தொடங்குவதை நான் எதிர்க்கவில்லை. நீர்த்த கரைசல்களுக்கு அது போதும். ஆனால் மானியைக் கையில் கொடுக்கும் நாளிலாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் சரியான அளவைத் தவறென்று அடித்துவிட்டு, தவறான எண்ணை எழுதும் பழக்கத்துக்கு நாமே துணைபோகிறோம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் நம் கலைச்சொற்களில் இருக்கிறது. மானி 'அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும்' அளக்கிறது என்கிறோம். குடிநீர்ச் சோதனை அறிக்கையைப் பாருங்கள். பி.எச். 7.4 என ஒரு வரி. சற்றுக் கீழே 'மொத்தக் காரத்தன்மை 400' என இன்னொரு வரி. நடுநிலைக்கு இத்தனை அருகில் உள்ள நீரில் இவ்வளவு காரமா என்று படிப்பவர் மருள்கிறார். முதல் வரி மானி தந்தது. இரண்டாவது வரி பியூரெட் தந்தது. ஒன்று, கரைசல் இந்த நொடியில் எந்த நிலையில் இருக்கிறது என்பது. மற்றது, எவ்வளவு அமிலத்தை ஊற்றினாலும் ஈடுகொடுக்க அதனிடம் எவ்வளவு இருப்பு உள்ளது என்பது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு விளக்கம் எழுதினால் எப்படி விளங்கும்?

ஒரு லிட்டர் நீரில் 40 மில்லிகிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்தால் பி.எச். 11 வரை ஏறும். இன்னொரு லிட்டரில் 840 மில்லிகிராம் சமையல் சோடாவைக் கரைத்தால் பி.எச். 8.3-ஐ ஒட்டித்தான் இருக்கும். மானியை மட்டும் கேட்டால் முதலாவதே காரம் மிகுந்தது. அமிலத்தை ஊற்றித் தரம் பார்த்தால் இரண்டாவதுக்குப் பத்து மடங்கு அமிலம் தேவைப்படுகிறது! அமிலங்களிலும் இப்படியே. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1.1 காட்டும்; அதே செறிவுள்ள அசெட்டிக் அமிலம் 2.9 காட்டும். ஆயினும் 20 மில்லிலிட்டரை நடுநிலையாக்க இரண்டுக்கும் ஒரே அளவு சோடியம் ஹைட்ராக்சைடுதான் செலவாகும். பெக்மன் தம் பெட்டிக்கு 'அமிலமானி' எனப் பெயரிட்டதிலேயே இக்குழப்பத்தின் சாயல் இருக்கிறது; பின்னர் அக்கருவி பி.எச். மானி என்றே வழங்கலாயிற்று. தமிழில் வேளாண்மைத் துறையினர் மண் பரிசோதனையில் 'கார அமில நிலை' என்று எழுதுகிறார்கள். என் கருத்தில் இதுவே சிறந்த சொல். 'நிலை' என்பதில் பொருள் தெளிவாக இருக்கிறது. பியூரெட் தருவதை 'கார இருப்பு', 'அமில இருப்பு' என்று பிரித்துச் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். இதைவிட நல்ல சொற்கள் வாசகர்களிடம் இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.

மண் பரிசோதனையிலேயே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர் எனக் கலக்கி அளப்பது நம் நாட்டில் பரவலான வழக்கம். நீருக்குப் பதில் நீர்த்த கால்சியம் குளோரைடுக் கரைசலைச் சேர்த்தால் அதே மண் பொதுவாகச் சற்றுக் குறைவாகக் காட்டும். மின்வாய் தெளிவில் நிற்கிறதா, வண்டலில் புதைந்திருக்கிறதா என்பதாலும் எண் மாறலாம். 8.5 என்ற எண் ஒரு நிலம் களர் நிலமா என்று பார்க்கும் எல்லையாக இருக்கையில், எப்படி அளந்தோம் என்று சொல்லாத எண்ணுக்கு என்ன மதிப்பு?

எண்ணின் சிறு பிழை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு மீன் குளம் தெளிவான சான்று. குளத்து நீரில் மீன்களின் கழிவால் சேரும் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அயனி வடிவம் அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. அயனியாகாத வடிவமே மீன்களுக்கு நஞ்சு. 25 பாகை நன்னீரில் பி.எச். 8.0 எனில் மொத்தத்தில் சுமார் 5 விழுக்காடு நஞ்சு வடிவம், 8.5 எனில் 15 விழுக்காடு, 9.0 எனில் 36 விழுக்காடு. பாசி மிகுந்த குளத்தில் பகலில் ஒளிச்சேர்க்கை கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிவிடுவதால், பிற்பகலில் பி.எச். உயர்ந்தும் விடியற்காலையில் தாழ்ந்தும் இருக்கும். காலையில் அளந்து 8.0 என்று நிம்மதியடைவதும், முதிர்ந்த மின்வாயால் பிற்பகலில் அளந்து 9.0-ஐ 8.5 என்று படிப்பதும் ஒரே விளைவைத் தரலாம். இங்கே அரை அலகு என்பது வெறும் அரை மதிப்பெண் இழப்பன்று.

ஆகவே மானியைப் பற்றி எழுதுவோரிடம் நான் கேட்பது புதிய சமன்பாடுகளையோ கடினமான கொள்கைகளையோ அன்று. கண்ணாடிதான் உணர்கிறது, மின்னணுப் பகுதி அதைத் தொந்தரவு செய்யாமல் கேட்டுச் சொல்கிறது, தாங்கல் கரைசல்தான் எண்ணுக்குப் பொருள் தருகிறது என்ற மூன்று செய்திகள் எட்டாம் வகுப்பு மாணவருக்கும் புரியக்கூடியவையே. செய்முறை ஏட்டில் 'பி.எச். 7.3' என்று மட்டும் எழுதவிடாமல், 'பி.எச். 7.3, வெப்பநிலை 31 பாகை, சரிபார்த்த தாங்கல் கரைசல்கள் 4.01, 9.18, தயாரித்த நாள் இன்னது' என்று எழுதச் சொல்லலாம். கூடுதலாக ஒரு வரிதான்.